ஓடும்போது கேட்க வேகமான பாட்டு: முதல் கிலோமீட்டரிலேயே மூச்சு முட்டுகிறது

பண்ணைக்கரை | ஞாயிறு, காலை 8.40

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னது, கதை கொஞ்சம் நீளம்.

வயது 41, மேசை வேலை. ஐந்து மாதமாக ஓடுகிறேன். யாழ் கோட்டைக்குப் பக்கத்தில் தொடங்கி, பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் போய்த் திரும்புவது என் பாதை. இதுவரை பாட்டில்லாமல்தான் ஓடினேன். போன கிழமை மருமகன் என் கைபேசியில் முப்பது பாட்டு ஏற்றித் தந்தான். எல்லாம் குத்துப்பாட்டு, ஒன்றுகூட மெல்லிசை இல்லை. "மாமா, இதைக் கேட்டால் கால் தானாக ஓடும்" என்றான்.

கால் தானாகத்தான் ஓடியது. முதல் கிலோமீட்டர் 5 நிமிடம் 10 விநாடி! நான் வழக்கமாக ஆறரை நிமிடம் எடுப்பவன். இரண்டாவது கிலோமீட்டரில், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முகத்தில் அடித்தது, விலா பிடித்துக்கொண்டது. மூன்றாவதற்குப் போகவே இல்லை, பாலத்தோரம் உட்கார்ந்துவிட்டேன். தூண்டிலோடு நின்ற பெரியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, யாராவது துரத்துகிறார்களா?" என்று கேட்டார். காதுக்குள் மட்டும் கொட்டு ஓயவில்லை.

மூன்று மாதத்தில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று இருக்கிறது. பாட்டு எனக்குச் சரிவராதா, அல்லது தெரிவுசெய்த பாட்டுத்தான் பிழையா? நீங்கள் எப்படித் தெரிவுசெய்கிறீர்கள்?

---

வல்லைவெளி | ஞாயிறு, காலை 9.25

அண்ணா, பாட்டில் பிழையில்லை, அது உங்கள் காலுக்குத் தைத்த சட்டை இல்லை, அவ்வளவுதான்.

முதலில் உங்கள் காலடியை எண்ணுங்கள். பாட்டில்லாமல், உங்களுக்குச் சுகமான வேகத்தில் ஓடும்போது 30 விநாடியில் வலது கால் எத்தனை முறை ஊன்றுகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 39 வந்தால் நிமிடத்துக்கு 156 காலடி. அதற்குக் கிட்டத்தட்டச் சமமான தட்டுள்ள பாட்டுத்தான் உங்கள் பாட்டு. மருமகன் தந்தவை 170, 175 தட்டாக இருந்திருக்கும். மனிதனின் கால் கேட்கும் தட்டோடு ஒட்டிக்கொள்ளத் துடிக்கும். நீங்கள் விரும்பாமலே காலடி கூடியிருக்கும்.

"180 காலடி வைக்க வேண்டும்" என்று யாராவது வந்து சொல்வார்கள், நம்ப வேண்டாம். 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டானியல்ஸ் ஓட்டக்காரர்களின் காலடியை எண்ணினார். ஏறக்குறைய எல்லோரும் 180ஐத் தாண்டியிருந்தார்கள். அது உலகின் முதல் தர ஓட்டக்காரர்கள் போட்டி வேகத்தில் ஓடியபோது எண்ணியது. காலையில் கோட்டையைச் சுற்றும் நமக்கு அது சட்டமல்ல.

இன்னொரு வழி, பாதித் தட்டுப் பாட்டு. 78 தட்டுள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு இரண்டு காலடி வைத்தால் 156. பறை இல்லாத, நிதானமான, ஆனால் அழுத்தமான பாட்டுகள் இதில் நிறையக் கிடைக்கும். நான் வல்லைவெளியில் எதிர்காற்றில் ஓடும்போது இவற்றைத்தான் கேட்கிறேன். காற்றோடு சண்டை பிடிக்கும் நேரத்தில் காதுக்குள்ளும் ஒரு சண்டை எதற்கு?

---

ஸ்காபரோக் குளிர் | ஞாயிறு, மாலை 6.02

கொக்குவிலில் பிறந்து கனடாவில் உறைந்துபோனவன் எழுதுகிறேன். மாசி மாதத்தில் இங்கே வெளியில் ஓட முடியாது. நிலவறையில் ஓடுபொறியில் ஓடுகிறேன். எதிரில் சுவர். பாட்டில்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் இறங்கிவிடுவேன்.

இதை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தவர் லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் கரயோர்கிஸ். பின்னணியாகக் கேட்கும் பாட்டுக்கு நிமிடத்துக்கு 120 முதல் 140 தட்டு போதும் என்பது அவர் சொல்லிவந்த கணக்கு. காலடியோடு ஒட்டி ஓடுவது வேறு கதை, அதற்கு வல்லைவெளி சொன்ன எண்ணிக்கை வேண்டும்.

அந்த ஆராய்ச்சிகளில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. மிதமான வேகத்தில் ஓடும்போது பாட்டு களைப்பை மறைக்கிறது, உடல் படும் கஷ்டத்தைவிடக் குறைவாகப் படுவதுபோல் தோன்றும். ஆனால் மூச்சு வாங்கி, பேச முடியாத வேகத்துக்குப் போய்விட்டால் பாட்டின் கை அங்கே அவ்வளவாக எட்டுவதில்லை. உடலின் கூச்சல் பாட்டை அமுக்கிவிடும். பண்ணைக்கரை அண்ணாவுக்கு நடந்தது இதுதான். பாட்டு அவரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தான் கழன்றுகொண்டது.

---

தவில்வீட்டுப் பிள்ளை | ஞாயிறு, இரவு 9.48

இணுவிலில் இருந்துகொண்டு இந்த உரையாடலைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை. எல்லோரும் தட்டை எண்ணுகிறீர்கள், தாளத்தின் நடையை, அதாவது எழுத்துகள் எத்தனை எத்தனையாகச் சேர்ந்து வருகின்றன என்பதை விட்டுவிட்டீர்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தவில். நான் மட்டும் கணக்காளனாகப் போனேன், அதனால் இரண்டு பக்கக் கணக்கும் தெரியும்.

சினிமாப் பாட்டில் பெரும்பாலானவை நான்கின் மடங்கு: தகதிமி, தகதிமி. முதல் எழுத்தில் அழுத்தம். எழுத்துக்கு ஒரு காலடியாக நீங்கள் வலது காலில் தொடங்கினால், முதல் அழுத்தம் கடைசிவரை வலது காலில்தான் விழும். பத்துக் கிலோமீட்டரும் ஒரே கால் அடி வாங்குகிறது என்று வையுங்கள். இப்போது திஸ்ரத்தை எடுங்கள்: தகிட, தகிட. மூன்று. முதல் அழுத்தம் வலது காலில், அடுத்தது இடது காலில், பிறகு வலது. தானாக மாறிக்கொண்டே இருக்கும். கண்டம் ஐந்து, அதுவும் அப்படியே மாறும்.

இதில் மூச்சையும் சேர்க்கலாம். மூன்று காலடிக்கு இழுத்து இரண்டு காலடிக்கு விடுங்கள் என்று சொல்லும் ஓட்டப் பயிற்சியாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். மூச்சை விடத் தொடங்கும் கணம் ஒரே காலில் விழாமல் இருப்பதற்காக. வாசித்தபோது சிரித்துவிட்டேன். தகிட தக! இதை எனக்கு ஐந்து வயதில், பிழைவிட்டால் குட்டு வைத்து, அப்பப்பா சொல்லித் தந்தார்.

நான் ஓடும்போது கேட்பது மல்லாரி. சுவாமி வீதியுலாவுக்குப் புறப்படும்போது வாசிப்பது. கம்பீரநாட்டை ராகம், சொற்கள் கிடையாது. நாதஸ்வரம் கீழ்க் காலத்தில் தொடங்கி அடுத்த காலத்துக்கு ஏறும்போது, தட்டின் இடைவெளி மாறாமலே உள்ளே ஓடும் சுரம் இரட்டிக்கும். கால் அதே வேகத்தில் இருக்கும், மனம் மட்டும் இரண்டு மடங்கு எழும்பும். வேகமான பாட்டு வேறு, வேகத்தை எழுப்பும் பாட்டு வேறு என்று நான் சொல்வது இதைத்தான். அண்ணாவுக்கு வேண்டியது இரண்டாவது வகை.

யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவுகள் கிடைத்தால் கேளுங்கள், ஆனால் ஓடும்போது வேண்டாம். அவர் 1975இல் மறைந்தவர். ஒரு தனியாவர்த்தனத்தை ஓடிக்கொண்டே கேட்டுப் பார்த்தேன். கோண்டாவிலில் ஒரு மதிலோரம் நின்றுவிட்டேன். அந்தக் கணக்கு எங்கே போய் எப்படித் திரும்பி வந்து விழப்போகிறது என்று பார்க்காமல் கால் எடுத்துவைக்க மனம் வரவில்லை. உடற்பயிற்சி அன்றோடு சரி.

---

ஜிம் ராசா | திங்கள், காலை 6.15

எல்லாம் ஓட்டக்காரர் கதையாக இருக்கிறதே. எடை தூக்குபவனுக்கு என்ன வழி? நான் போகும் ஜிம்மில் (பெயர் வேண்டாம்) காலை ஐந்தரை மணிக்கே ஒலிபெருக்கி அலறுகிறது. பக்கத்தில் நிற்பவர் எண்ணுவதுகூடக் கேட்காது. அதே இருபது பாட்டு, ஒன்றரை வருடமாக.

---

தவில்வீட்டுப் பிள்ளை | திங்கள், காலை 7.30

எடைக்கு ஓயாத தட்டு உதவாது, இடைவெளி வேண்டும். கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டைக் கேட்டிருக்கிறீர்களா? ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கும்போதுதான் எல்லாக் கையும் ஒன்றாக இழுக்கும். எடுத்துக் கொடுக்கும் நேரம் மூச்சு வாங்கும் நேரம். தூக்குவதற்கும் இறக்குவதற்கும் அதே கணக்குத்தான். கேள்வியும் பதிலுமாக அமைந்த பாட்டைத் தேடுங்கள்.

---

அரியாலை நடை | திங்கள், இரவு 8.20

தம்பிமாரே, பெண் ஒருத்தியும் பேசட்டுமா?

நான் நான்கு வருடமாக ஓடுகிறேன். பெயரில்தான் நடை. இரண்டு காதிலும் கருவி மாட்டியிருப்பேன், பாட்டு ஓடாது. ஒன்றுமே ஓடாது. காதில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால், ஒழுங்கை முனையில் நிற்கிறவர்கள் சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிடுவார்கள். 'அவளுக்குக் கேட்காது' என்று நினைப்பு. எனக்கோ எல்லாம் கேட்க வேண்டும்: பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைக்கிறதா, மதிலுக்குப் பின்னால் நாய் எழும்புகிறதா. நீங்கள் தட்டை எண்ணிக்கொண்டு ஓடுகிறீர்கள், நான் வாகனத்தை எண்ணிக்கொண்டு ஓடுகிறேன்.

குறைசொல்ல எழுதவில்லை. தனியே ஓடும் தங்கைமார் யாராவது இதை வாசித்தால், முப்பது பாட்டை ஏற்றிக்கொண்டு இரண்டு காதையும் அடைத்துவிட வேண்டாம் என்பதற்காக எழுதினேன்.

பாட்டு எனக்கும் பிடிக்கும். துரையப்பா விளையாட்டரங்கில் கூட்டாளிகளோடு சுற்றும்போது மட்டும் கேட்பேன். அங்கே நான் கேட்பது பப்பரே! பெரிய துடுப்பாட்ட (கிரிக்கெட்) போட்டிகளில் ஊதும் அதே எக்காளமும் மேளமும்தான். யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் மோதும் 'வடக்கின் போர்' ஆட்டத்தில் பெட்டைகள் நாங்கள் வெளியில் நின்று கேட்ட சத்தம். ஆறில் எண்ணும் தாளம், துள்ளாமல் ஓட முடியாது. அறுபதைத் தாண்டிய அக்காமார்கூட அதற்குக் கை வீசுவார்கள்.

---

வல்லைவெளி | திங்கள், இரவு 8.51

அக்கா, நான் இதை ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. நன்றி.

---

கடவைக்காரன் | செவ்வாய், காலை 5.50

அக்கா சொன்னதோடு ரயிலையும் சேருங்கள். 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறைவரை ரயில் திரும்பி வந்தது. போரால் கால் நூற்றாண்டு ரயில் இல்லாத ஊர் நாங்கள். தண்டவாளம் இருந்த இடத்தில் நடந்தும் ஆடு கட்டியும் பழகிய கால் இன்னும் முழுதாக மறக்கவில்லை. கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் என்று வீட்டு மதிலோரமாகவே பாதை போகிறது. கடவையில் காதுக் கருவியைக் கழற்றுங்கள். ஒலியைக் குறைத்தால் போதாது, கழற்றுங்கள். ரயில் முன்னால் வரும்போது அதன் சத்தம் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

போட்டிகளிலும் இது பெரிய வழக்கு. அமெரிக்கத் தடகள அமைப்பு 2007இல் வீதி ஓட்டங்களில் காதுக் கருவியைத் தடை செய்து, ஊரெல்லாம் எதிர்ப்பு வந்தபின் தளர்த்தியது. பரிசுக்காக ஓடுகிறவருக்கு இப்போதும் இடமில்லை.

---

ஸ்காபரோக் குளிர் | செவ்வாய், காலை 7.14

பரிசு என்றதும் நினைவுக்கு வருகிறது. எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரெசெலாசி 1998இல் பர்மிங்காம் உள்ளரங்கில் 2000 மீட்டரை 4 நிமிடம் 52.86 விநாடியில் ஓடி உலக சாதனை வைத்தார். அவர் காதில் ஒன்றும் இல்லை. அரங்கின் ஒலிபெருக்கியில் அவருக்குப் பிடித்த 'ஸ்கேட்மேன்' பாட்டைப் போடச் சொல்லியிருந்தார். எதிராளிகளுக்கும் அதே பாட்டுத்தான் கேட்டது, அவர்கள் ஏன் வெல்லவில்லை என்று மருமகனைக் கேளுங்கள், பண்ணைக்கரை.

ஒலி அளவைப் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் கிழமைக்கு 40 மணிநேரம்வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலுக்குப் போனால் கிழமைக்கு 5 மணிநேரந்தான். ஜிம் ராசா, உங்கள் ஜிம்மில் அதை முதல் மூன்று நாளிலேயே முடித்துவிடுவீர்கள்போல் இருக்கிறது.

---

பழைய வாத்தியார் | செவ்வாய், இரவு 9.05

பிள்ளைகளே, எனக்கு 67. ஓடுவதில்லை, பின்னேரத்தில் ஆரியகுளத்தைச் சுற்றி நடப்பதோடு சரி. ஆனால் பாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் உள்ள உறவு பற்றி உங்களில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

1990 நடுப்பகுதியில் போரால் யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி உள்ளே வரவில்லை, தடை. மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, அதில் எண்ணெய் ஊற்றி, திரியேற்றிய விளக்கில்தான் என் மாணவர்கள் படித்தார்கள். பாட்டு என்று ஒன்று இருந்ததையே மறந்துவிடுவோமோ என்ற நிலை.

அப்போதுதான் சைக்கிளைக் கவிழ்த்தோம். இருக்கையும் கைபிடியும் நிலத்தில், சில்லு இரண்டும் மேலே. டைனமோவைப் பின்சில்லில் சாய்த்துவிட்டு, அதிலிருந்து இரண்டு கம்பி. டைனமோ தருவது மாறுதிசை மின்னோட்டம், வானொலிக்கு நேர்மின்னோட்டம் வேண்டும். இடையில் டயோட் பூட்டத் தெரிந்த பொடியனுக்கு ஊரில் மாப்பிள்ளை மரியாதை! பிறகு பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றினால் பாட்டு, நின்றால் இருட்டு.

வானொலிக்கு ஒருவாறு சுற்றினால் போதும். ஒலிநாடா பொல்லாதது. கை தளர்ந்தால் பாடகியின் குரல் இழுபட்டு ஆண்குரலாகும், பிறகு மாட்டின் குரலாகும். வீட்டில் எல்லோரும் "சுற்று, சுற்று!" என்று கத்துவார்கள். நல்ல வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் மட்டும் பாட்டு தன் சுருதிக்கு வந்து நிற்கும். அந்த வேகம் எவ்வளவு என்று கைக்குத் தெரியும், எண்ணத் தேவையில்லை. என் தம்பியும் நானும் பாட்டுக்குப் பாட்டு மாறிமாறிச் சுற்றுவோம். நீண்ட பாட்டு வந்தால் அவன் ஏதாவது சாட்டுச் சொல்லி எழும்பிவிடுவான்.

நீங்கள் பாட்டுப் போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடுகிறீர்கள். எங்கள் காலத்தில் பாட்டுத்தான் எங்கள் கையின் பின்னால் ஓடி வந்தது. பண்ணைக்கரைத் தம்பி, நீர் முதலில் உம்முடைய வேகத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓடும். பாட்டு பிறகு வந்து சேரட்டும். தொடக்கத்திலேயே அதன் கையில் கடிவாளத்தைக் கொடுக்காதேயும்.

---

தவில்வீட்டுப் பிள்ளை | செவ்வாய், இரவு 9.22

ஐயா, உங்கள் தம்பி இப்போது எங்கே?

---

பழைய வாத்தியார் | செவ்வாய், இரவு 9.40

நோர்வேயில். வீட்டில் அசையாத சைக்கிள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறானாம், உடம்பு இளைக்க. காணொளியில் காட்டினான். "இதில் டைனமோ எங்கே?" என்று கேட்டேன்.

---

பண்ணைக்கரை | மூன்று கிழமை கழித்து, ஞாயிறு, காலை 8.15

எல்லோருக்கும் பதில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எண்ணினேன்: 158 காலடி. மருமகனின் முப்பதில் நான்குதான் மிஞ்சின. 79 தட்டில் ஏழு பாட்டு கிடைத்தது. மல்லாரி ஒன்றும், அக்கா சொன்ன பப்பரே ஒன்றும் சேர்த்தேன். வலது காதில் மட்டும் மாட்டுகிறேன், வீதிப் பக்கத்துக் காது திறந்திருக்கும். திரும்பி வரும்போது வீதி மறுபக்கம் வந்துவிடும், கருவியையும் மறு காதுக்கு மாற்றுகிறேன்.

இன்று வாத்தியார் சொன்னபடி போனேன். போகும்போது பாட்டில்லை. எதிர்காற்று, என் மூச்சு, ஆழமில்லாத நீரில் நட்டிருக்கும் வலைத்தடிகளில் காகங்கள். இரண்டாவது கிலோமீட்டரில் அலுப்பு வந்தது, பொறுத்துக்கொண்டேன். திரும்பும் இடத்தில் சோளகம் முதுகுக்கு வந்தது, மல்லாரியைப் போட்டேன். நாதஸ்வரம் இரண்டாம் காலம் ஏறிய இடத்தில் எனக்குப் புல்லரித்தது. காலை எண்ணிப் பார்த்தேன், அதே 158தான். ஆனால் கடைசி இரண்டு கிலோமீட்டரும் 6 நிமிடம் 5 விநாடிக்குள். அடி கூடவில்லை, எட்டிவைக்கும் தூரம் நீண்டிருக்கிறது.

பப்பரேதான் தோல்வி. தூண்டில் பெரியவருக்கு முன்னால் துள்ளிவிட்டேன். "இன்றைக்கு யாரும் துரத்தவில்லைப்போல" என்றார்.

அடுத்த ஞாயிறு காலை 5.15க்குக் கோட்டைப் பக்கம் நிற்பேன். வர விரும்புகிறவர்கள் வாருங்கள்.

---

அரியாலை நடை | ஞாயிறு, காலை 9.02

5.15க்கு இருட்டு. பண்ணைப் பாலத்தில் எத்தனை விளக்கு எரிகிறது என்று முதலில் எண்ணிச் சொல்லுங்கள், பிறகு நாங்கள் நாலு பேர் வருவதா என்று பார்ப்போம்.

---

பண்ணைக்கரை | ஞாயிறு, காலை 9.10

இன்றிரவே போய் எண்ணுகிறேன், அக்கா.